ஜப்பானிய மரவேலை உளிகள்: தரமும் விலையும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானிய உளியில் அப்படி என்ன தனித்தன்மை இருக்கிறது?

ஜப்பானியர் நோமி என்று அழைக்கும் இந்த உளி ஒரே உலோகத்தால் ஆனது அன்று. தட்டையான பின்முகத்தில் ‘ஹகானே’ எனப்படும் மிகக் கடினமான எஃகும், அதன் மேல் ‘ஜிகானே’ எனப்படும் மிருதுவான இரும்பும் உலையில் காய்ச்சி அடித்து ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். மேலைநாட்டு உளிகள் பெரும்பாலும் முழுவதும் ஒரே எஃகால் ஆனவை; ராக்வெல் அளவில் அவற்றின் கடினம் ஏறத்தாழ 58 முதல் 62 வரை இருக்கும். நல்ல நோமியின் வாய்ப்பகுதி, அதாவது வெட்டும் முனை, 62 முதல் 65 வரை எட்டும். உளி முழுவதையும் அவ்வளவு கடினமாக்கினால் சுத்தியல் அடியில் ஒடிந்துவிடும். எனவே அடியின் அதிர்ச்சியை மிருது இரும்பு வாங்கிக்கொள்ள, வெட்டும் வேலையை எஃகு மட்டும் செய்கிறது. சாணைக் கல்லில் தேய்க்கும்போதும், கடினமான பகுதி மெல்லிய பட்டையாக மட்டுமே இருப்பதால் வேலை எளிதாகிறது.

வேறு இரண்டு அடையாளங்களும் உண்டு. பின்முகத்தின் நடுவே ‘உரா’ எனப்படும் ஆழமில்லாத குழிவு இருக்கும்; கல்லில் படுவது அதைச் சுற்றியுள்ள குறுகிய விளிம்பு மட்டுமே. கொட்டாப்புளிக்குப் பதிலாக இரும்புச் சுத்தியலால் அடிப்பதே அங்குள்ள வழக்கம் என்பதால், கைப்பிடியின் தலையில் இரும்புப் பூண் ஒன்று மாட்டப்பட்டிருக்கும்.

ஒரே 12 மி.மீ. உளி ஓரிடத்தில் 4,000 யென், இன்னோரிடத்தில் 20,000 யென். ஏன்?

தொழிற்சாலைகள், எஃகும் இரும்பும் ஏற்கெனவே ஒட்டப்பட்டுப் பட்டைகளாக விற்கப்படும் மூலப்பொருளை வாங்கி, வெட்டி, வடிவம் கொடுத்து, மொத்தமாகச் சூடேற்றித் தயாரிக்கின்றன. அவை ஏறத்தாழ 3,000 முதல் 6,000 யென்னுக்குக் கிடைக்கும். தனிக் கொல்லர் ஒருவர் தம் பட்டறையில் எஃகையும் இரும்பையும் தாமே பற்றவைத்து அடித்துச் செய்யும் உளி 8,000 முதல் 15,000 யென் வரை போகும். பெயர் பெற்ற கொல்லரின் முத்திரை விழுந்தால் 20,000 யென்னைத் தாண்டுவது சாதாரணம். ஒரு யென் அரை ரூபாய்க்குச் சற்று மேல் என்று வைத்துக்கொண்டால், நம் பணத்தில் கணக்கு ஓரளவு பிடிபடும். அஞ்சல் செலவும் சுங்கவரியும் தனி.

இந்த விலைக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல செலவுகள் கலந்திருக்கின்றன: எஃகின் தரம், அதைச் சூடுபடுத்திக் குளிர்வித்த கவனம், பின்முகத்தைச் சமன்செய்த நேரம், கைப்பிடி மரம், அலங்காரம், கொல்லரின் பெயர், இடைத்தரகரின் பங்கு. இவற்றுள் மரத்தை வெட்டுபவை முதல் மூன்று மட்டுமே. வாங்குபவர் பெரும்பாலும் ஏமாறுவது பிந்தைய நான்கில்தான். எனவே ஓர் உளியின் விலையைக் கேட்டதும் ‘இதில் எவ்வளவு முதல் மூன்றுக்குப் போகிறது?’ என்று நான் எனக்குள் கேட்டுக்கொள்வேன்.

வெள்ளைக் காகித எஃகு, நீலக் காகித எஃகு என்கிறார்களே, எது உயர்ந்தது?

இந்தப் பெயர்கள் எஃகின் நிறத்தைக் குறிப்பவை அல்ல. கட்டிகளின் மேல் ஒட்டப்பட்ட காகிதத்தின் நிறத்தைக் குறிப்பவை. ஷிமானே மாகாணத்தின் யாசுகி நகரில், முன்பு ஹிட்டாச்சி மெட்டல்ஸ் என்றும் 2023 முதல் ப்ரோட்டீரியல் என்றும் அறியப்படும் நிறுவனம் இவற்றைத் தயாரிக்கிறது. வெள்ளை (ஷிரோகாமி) மிகத் தூய கரிம எஃகு. முதல் எண் வெள்ளையில் கரிமம் ஏறத்தாழ 1.25 முதல் 1.35 விழுக்காடு, இரண்டாம் எண்ணில் 1.05 முதல் 1.15 விழுக்காடு. இதே எஃகில் சிறிதளவு குரோமியமும் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு டங்ஸ்டனும் சேர்த்தால் நீலம் (ஆவோகாமி) ஆகிறது.

வெள்ளை எஃகு கல்லில் விரைவாகத் தேய்ந்து மிக நுண்ணிய கூர்மையை ஏற்கும். நீலம் தேய்மானத்தைக் கூடுதலாகத் தாங்கும். தீட்டுவதற்குச் சற்று நேரம் பிடிக்கும். நீலத்தின் விலை கூடுதல் என்பதால் அதுவே மேலானது என்று நினைப்பது பரவலான தவறு. வெள்ளையைப் பதப்படுத்துவதுதான் கடினம். சரியான வெப்பநிலையின் இடைவெளி அதற்குக் குறுகியது. நல்ல கொல்லரின் இரண்டாம் எண் வெள்ளை உளியை, கவனமின்றிச் செய்த நீல உளிக்கு முன்னால் நான் எப்போதும் தேர்ந்தெடுப்பேன்.

அப்படியானால் எஃகைவிடப் பதம்தான் முக்கியமா?

ஆம். நம் கொல்லர்கள் துவைச்சல் என்று சொல்லும் அந்த வேலை, அதாவது பழுக்கக் காய்ச்சிய எஃகைத் தண்ணீரில் அமிழ்த்திக் கடினமாக்குவது, எஃகின் விதியைச் சில நொடிகளில் முடிவு செய்துவிடுகிறது. வெள்ளை எஃகை ஏறத்தாழ 760 முதல் 830 பாகை செல்சியசுக்குள் சூடேற்றித் தண்ணீரில் அமிழ்த்த வேண்டும். அதற்கு மேல் போனால் எஃகின் உள்ளேயுள்ள நுண்ணிய படிக மணிகள் பருத்து, வாய் உதிரத் தொடங்கும். கீழே நின்றால் எஃகு போதிய கடினம் அடையாது. பல கொல்லர்கள் பட்டறையை இருட்டாக்கி, செந்நிறத்தின் சாயலைக் கண்ணால் மதிப்பிட்டே இதைச் செய்கிறார்கள். பின்னர் 180 முதல் 220 பாகையில் மறுபடி மென்மையாகச் சூடேற்றி முறுகல் தணிக்கப்படுகிறது.

இன்னொரு சிக்கலும் இங்கே உண்டு. கடினமாகும் எஃகு சற்றே விரிகிறது. அதனோடு ஒட்டியுள்ள மிருது இரும்பு அவ்வாறு விரிவதில்லை. ஆகவே தண்ணீரில் விழுந்ததும் உளி எஃகுப் பக்கம் புடைத்து வளைகிறது. இதை முன்கூட்டியே அறிந்த கொல்லர், துவைச்சலுக்கு முன் உளியை எதிர்ப்புறமாகச் சிறிது வளைத்து வைப்பார். ஒரு புதிய உளியின் பின்முகம் ஏறக்குறைய நேராக இருந்தால், அந்த முன்கணிப்பு பலித்திருக்கிறது என்று பொருள். புடைத்திருந்தால், வாங்கியவர் பல மணி நேரம் கல்லில் அதற்கு விலை கொடுப்பார்.

கையில் எடுத்ததும் எங்கெங்கே பார்க்க வேண்டும்?

முதலில் பின்முகத்தைப் பாருங்கள். ஓர் இரும்பு அளவுகோலின் விளிம்பைக் குறுக்கே வைக்காமல் நீளவாட்டில் வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இரு முனைகளும் தொட்டு நடுவில் மெல்லிய ஒளிக்கீற்று தெரிந்தால் கவலையில்லை. நடுப்பகுதி தொட்டு, அளவுகோல் ஊஞ்சல்போல் ஆடினால் அந்த உளியைத் திருப்பி வைத்துவிடலாம். உராவைச் சுற்றியுள்ள விளிம்பு இரு பக்கமும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். வாயை ஒட்டிய விளிம்பு குறுகலாக இருந்தால் நல்லது. உரா மிக ஆழமாக இருந்தால் எஃகு அங்கே மெலிந்திருக்கும். மிக ஆழமற்றிருந்தால் சில ஆண்டுகளில் தேய்ந்து மறைந்துவிடும்.

அடுத்து, வாயை நோக்கிச் சாய்வாக இறங்கும் சரிவு முகம். அங்கே எஃகும் இரும்பும் சந்திக்கும் கோட்டைக் காணலாம். 1000 எண் கல்லில் (எண் கூடக் கூடக் கல் நுண்மையானது) சிறிது தேய்த்துத் துடைத்தால், மேலே இரும்பு மழைக்கால மேகம்போல் மங்கிய சாம்பலாகவும், அடியில் எஃகு கண்ணாடிபோல் பளிச்சென்றும் பிரியும். கோடு பிளவின்றி, கரும்புள்ளியின்றி ஓட வேண்டும். கரும்புள்ளி இருந்தால் பற்றவைப்பில் கசடு சிக்கியிருக்கிறது. கோடு அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் நேராக இருந்தால் அது பெரும்பாலும் பட்டையாக வாங்கிய மூலப்பொருள். சற்றே அலையடித்தால் கையால் பற்றவைத்தது. ஆனால் நேர்கோடு குறை அன்று. அது விலையைத் தீர்மானிக்க உதவும் தகவல் மட்டுமே. நல்ல உளியில் எஃகு இரு பக்கங்களிலும் சற்று மேலேறி, வாயைப் பார்க்கும்போது தட்டையான ‘ப’ வடிவில் தெரியும். இப்படிச் சுற்றி வளைத்த எஃகு உளிக்கு விறைப்பைத் தருகிறது.

பின் பக்கவாட்டு வடிவம். தச்சு மேசையில் பொது வேலைக்குப் பயன்படும் வழக்கமான மேசை உளியின் அகலம் வாயில் சற்றுக் கூடுதலாகவும் கழுத்தை நோக்கிச் சிறிது குறைந்தும் இருந்தால், ஆழமாக வெட்டும்போது துளையில் சிக்காது. இதைக் கண்ணால் பார்ப்பது கடினம். அளவிடும் காலிப்பர் இருந்தால் உடனே தெரியும். கழுத்து தகட்டின் நடுக்கோட்டிலிருந்து விலகாமல் கைப்பிடிக்குள் செல்ல வேண்டும். உளியை வாய்ப்பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கிக் குழல்போல் நோக்கினால் கோணல் புலப்பட்டுவிடும். கைப்பிடியும் அதன் அடிப்பூணும் சந்திக்கும் இடத்தில் இடைவெளி இருக்கக் கூடாது.

கருப்புப் பூச்சு மட்டும் எதையும் நிரூபிக்காது. அது துருவைத் தடுக்கும். பற்றவைத்த கோட்டை மறைக்கவும் செய்யும்.

கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்பில்லை, படம் மட்டும்தான். அப்போது?

பின்முகத்தின் படத்தையும், சரிவின் நெருக்கமான படத்தையும் விற்பவரிடம் கேளுங்கள். முகப்பிலிருந்து எடுத்த அழகான படத்தை மட்டும் அனுப்புபவரிடம் நான் வாங்குவதில்லை. எஃகின் பெயர், யார் அல்லது எந்த ஊர்ப் பட்டறை, பூண் இறுக்கிப் பொருத்தப்பட்டதா என்ற மூன்றுக்கும் நேரான பதில் கிடைத்தால் போதும்.

எந்த ஊர்களில் செய்கிறார்கள்? ஊர்ப்பெயர் தரத்துக்குச் சான்றா?

ஹியோகோ மாகாணத்தின் மிக்கியும், நீகாத்தா மாகாணத்தின் யோயித்தா, சன்ஜோ பகுதிகளும் முதன்மையானவை. மிக்கியின் தொழில், 1580இல் போர்த்தலைவர் ஹிதேயோஷியின் முற்றுகையில் அழிந்த ஊரை மீண்டும் கட்டத் தச்சரும் கொல்லரும் குவிந்ததிலிருந்து தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது. யோயித்தாவின் அடித்து உருவாக்கும் கருவிகள் 1986இலும், மிக்கியினுடையவை 1996இலும் அரசின் மரபுக் கைவினைப் பட்டியலில் சேர்ந்தன. கோபே நகரில் 1984இல் தொடங்கிய தாக்கேனாக்கா தச்சுக்கருவி அருங்காட்சியகத்தில் இந்த மரபின் சிறந்த மாதிரிகளைக் காணலாம். ஆயினும் இந்த ஊர்கள் எல்லாவற்றிலும் மலிவான தொழிற்சாலைப் பொருளும் மிகச் சிறந்த கைவேலையும் அருகருகே உருவாகின்றன. ஊர்ப்பெயர் வரலாற்றைச் சொல்லும். கையிலுள்ள உளியைப் பற்றி அதிகம் சொல்லாது.

பெயர் பெற்ற கொல்லரின் முத்திரைக்குக் கூடுதலாகக் கொடுக்கலாமா?

1876இல் மெய்ஜி அரசு வாள் அணிவதைத் தடை செய்தபின் வாள் கொல்லர்கள் பலர் வேறு கருவிகளுக்குத் திரும்பினர். அத்தகைய குடும்பத்தில் 1874இல் பிறந்த சியோசுரு கோரேஹிதே இழைப்புளி, உளி இரண்டிலும் பெரும்பெயர் ஈட்டினார். 1957இல் அவர் மறைந்தபின் அவர் கருவிகளின் விலை வெட்டும் பயனோடு தொடர்பில்லாத உயரத்துக்குப் போய்விட்டது. அவை இப்போது கலைப்பொருள்கள்.

இன்று வாழும் கொல்லரின் முத்திரை வேறு. அதே கை ஆண்டுக்கணக்கில் அதே துவைச்சலைச் செய்வதால், உளிக்கு உளி வேறுபாடு குறையும். அந்த நம்பகத்துக்குச் சிறிது கூடுதலாகக் கொடுப்பது நியாயம். ஆனால் 12,000 யென் உளிக்கும் 40,000 யென் உளிக்கும் இடையில் வெட்டும் திறன் மும்மடங்காகாது. என் கையில் அந்த வேறுபாடு பெரும்பாலும் தெரிவதேயில்லை. தீட்டும் என் கை அதைவிடப் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. முத்திரையைப் போலியாக வெட்டுவதும் நடக்கிறது என்பதைப் பழைய பொருள் வாங்குவோர் நினைவில் கொள்ள வேண்டும்.

மரவரி போன்ற அலைக்கோலம், மூன்று குழிவு, கருங்காலிக் கைப்பிடி: இவை பயன் தருமா?

அலைக்கோலம் மேலுள்ள இரும்பில்தான் இருக்கிறது, வாயில் இல்லை. அழகுக்குத் தாராளமாக வாங்கலாம், கூர்மைக்காக வேண்டாம். மூன்று குழிவுள்ள பின்முகம் அகன்ற உளிகளில் தீட்டுவதைச் சற்று எளிதாக்கும். ஆனால் வாய் தேய்ந்து குழிவை எட்டும்போது மூன்று இடங்களிலும் தொல்லை வரும். கைப்பிடிக்கு வெள்ளை ஓக், சிவப்பு ஓக் மரங்கள் போதும். சுத்தியலால் அடிக்கும் உளிக்குக் கருங்காலி உண்மையில் பொருத்தமே அன்று. அது கடினமானது, அடியில் வெடிக்கக்கூடும். கையால் தள்ளிச் சீவும் உளிக்கு வேண்டுமானால் இருக்கட்டும்.

பழைய சங்கிலி, நங்கூர இரும்பில் செய்தது என்று விலை கூட்டுகிறார்களே?

இதில் உண்மை இருக்கிறது. அந்தப் பழைய பொருள்கள் தேனிரும்பால் ஆனவை. கரிமம் மிகக் குறைவு என்பதால் துவைச்சலில் கடினமாவதில்லை. உள்ளே இழைபோல் ஓடும் கசடு, கல்லில் அதை மென்மையாகத் தேயவைக்கிறது. தேனிரும்பை இன்று யாரும் வணிக அளவில் உருக்குவதில்லை. பிரிட்டனில் அதைச் செய்த கடைசி ஆலை 1973இல் மூடப்பட்டது. எனவே கொல்லர்களிடம் இருப்பது பழைய இருப்பு மட்டுமே. தீட்டும்போது சுகம் தெரியும், வெட்டும்போது தெரியாது. தற்காலத்தின் மிகக் குறைந்த கரிமமுள்ள இரும்பும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்கிறது.

பத்து உளித் தொகுதி வாங்குவதா, ஒவ்வொன்றாக வாங்குவதா?

ஒவ்வொன்றாக. மரப்பெட்டியில் வரிசையாக அடுக்கிய பத்தும் கண்ணைப் பறிக்கும். 3, 6, 9, 12, 15, 18, 24, 30, 36, 42 மி.மீ. என்ற வழக்கமான தொகுதியை நான் ஆசைப்பட்டு வாங்கினேன். ஐந்து ஆண்டுகளில் 6, 12, 24 மூன்றும் பலமுறை தீட்டிக் குட்டையாகிவிட்டன, 36உம் 42உம் முதல்நாள் எண்ணெயோடு அப்படியே கிடக்கின்றன. அகலம் கூடக் கூட விலை செங்குத்தாக ஏறுவதால், தொகுதியின் விலையில் பெரும்பங்கு நீங்கள் தொடாத உளிகளுக்கே போகும்.

எந்த வகையில் தொடங்குவது?

ஒயிரே நோமி எனப்படும், ஏறத்தாழ 22 செ.மீ. நீளமுள்ள மேசை உளியில். கழுந்து (மரத்தின் முனையில் செதுக்கும் நாக்கு) நுழையும் ஆழமான துளைகளை அடிக்கடி வெட்டுவோர், பக்கங்கள் செங்குத்தான முக்கோமாச்சியை அடுத்து வாங்கலாம். கட்டட வேலைக்கான தடித்த தத்தாகி நோமி, தள்ளிச் சீவும் நீண்ட ட்சுகி நோமி ஆகியவை தேவை வந்தபின் போதும்.

புதிய உளியின் வாய் முதல்நாளே உதிர்ந்தது. ஏமாந்துவிட்டேனா?

அவசரப்பட வேண்டாம். துவைச்சலின்போது மிக மெல்லிய முனை உடலைவிட வேகமாகச் சூடாகிக் குளிர்வதால், புதிய உளியின் முதல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மற்ற பகுதியைவிட முறுகலாக இருப்பதுண்டு. மூன்று நான்கு முறை தீட்டியபின் உண்மையான எஃகு வெளிப்படும். அதன் பிறகும் உதிர்ந்தால் சரிவுக் கோணத்தை 30 பாகையிலிருந்து 33 அல்லது 35க்கு உயர்த்திப் பாருங்கள். மரத்துக்குள் புதைந்த வாயை நெம்புகோல்போல் புரட்டும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். மேலைநாட்டு உளி பொறுத்துக்கொள்ளும், இது பொறுக்காது. இத்தனைக்கும் பிறகு உதிர்வது நிற்காவிட்டால், குறை உளியில்தான்.

நம் தேக்கிலும் வேங்கையிலும் இது தாங்குமா?

இந்த உளிகள் ஹினோக்கி, சுகி போன்ற மென்மையான ஊசியிலை மரங்களோடு வளர்ந்தவை. தேக்கில் உள்ள சிலிக்கா எந்த எஃகையும் விரைவில் மழுக்கும். தாங்கும், ஆனால் கோணத்தை 35 பாகையில் வைத்து, மெல்லிய சீவல்களாக எடுக்க வேண்டும். தேய்மானத்தைத் தாங்கும் நீல எஃகுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது நியாயமாகும் இடம் இதுதான். வேகமாகச் சுழலும் சாணைச் சக்கரத்தில் மட்டும் பிடிக்காதீர்கள்: 200 பாகையைத் தாண்டினாலே பதம் இளகத் தொடங்கும். சூட்டால் வாய் நீல நிறமாகிவிட்டால் அந்தப் பகுதியைத் தேய்த்துக் கழித்தாக வேண்டும்.

பழைய உளி வாங்கலாமா?

வாங்கலாம், சிறந்த பேரங்கள் அங்கேதான் இருக்கின்றன. துரு எந்தப் பக்கம் என்பதே முதல் கேள்வி. மேல் இரும்பில் எவ்வளவு துரு இருந்தாலும் பரவாயில்லை. பின்முகத்தில், வாய்க்கு அருகே குழி விழுந்திருந்தால் தீட்டத் தீட்ட அந்தக் குழி வாயை எட்டி, ஒவ்வொரு முறையும் சிறு பல்லாகத் தெரியும். ஒருமுறை, படத்தில் மாசற்றுத் தெரிந்த 24 மி.மீ. உளி ஒன்றை வரவழைத்தேன். விற்றவர் பின்முகம் முழுவதையும் சக்கரத்தில் பளபளப்பாக்கி, உராவையே அழித்திருந்தார். குழிவே இல்லாத பின்முகத்தை முழு அகலத்துக்கும் கல்லில் சமன்செய்ய இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. பளபளக்கும் பழைய உளியைவிடத் துரு மூடிய பழைய உளி நேர்மையானது என்பது அன்றிலிருந்து என் எண்ணம்.

எஃகு கழுத்துவரை போவதில்லை என்பதால், மீதமுள்ள நீளத்தையும் கேளுங்கள். பற்றவைத்த கோட்டில் நகம் மாட்டும் அளவு பிளவு இருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம்.

பூண் தளர்ந்து கழன்று வருகிறது. குறைபாடா?

இல்லை. பல உளிகள் பூணை இறுக்காமலே விற்கப்படுகின்றன. அதைப் பொருத்துவது வாங்குபவரின் வேலை என்பது மரபு. பூணைக் கழற்றி, உள்விளிம்பின் சிராய்ப்பை அரத்தால் நீக்கி, கைப்பிடித் தலையைச் சுத்தியலால் சுற்றிலும் மெல்லத் தட்டி ஒடுக்கி, பூணை மரத்தின் தலைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீழே இறங்கும்வரை அடித்து, மேலே நிற்கும் மரநாரைப் பூணின்மேல் மடியும்படி தட்டிவிட வேண்டும். அரைமணி நேர வேலை. பூண் பொருத்தித் தருவதற்குக் கடைகள் கேட்கும் சிறு கூடுதல் தொகை நியாயமானதே.

வந்து சேர்ந்த உளியைத் திருப்பித் தரும் காலம் முடிவதற்குள் எப்படிச் சோதிப்பது?

முதலில் தீட்டாமல், அளவுகோலை வைத்துப் பின்முகத்தைப் பாருங்கள். கல்லில் பட்ட உளியைப் பல கடைகள் திரும்ப ஏற்பதில்லை. பின்முகமும் பற்றவைத்த கோடும் தேறினால், 1000 எண் கல்லிலும் அடுத்து 6000 எண் கல்லிலும் தீட்டுங்கள். பிறகு மென்மையான பைன் துண்டு ஒன்றை எடுத்து, நாரின் குறுக்குவெட்டு முகத்தைக் கையால் தள்ளிச் சீவுங்கள். கடின மரத்தில் சுமாரான உளியும் பளபளப்பான முகத்தைத் தந்துவிடும். மென்மரத்தின் நார்களோ, கூர்மை போதாவிட்டால் வெட்டுப்படாமல் நசுங்கி, வெண்மையாகப் பொடிந்து நிற்கும். நார்த்துளைகள் திறந்து, மெழுகு தேய்த்ததுபோன்ற முகம் கிடைத்தால் கூர்மை சரி. அதன்பின் அதே உளியால் கடின மரத்தில் கழுந்துத் துளை ஒன்றை முழுவதுமாக வெட்டிவிட்டு, மறுபடி தீட்டாமலே பைன் துண்டுக்குத் திரும்புங்கள். முகம் இன்னும் பொடியாமல் வந்தால், கொடுத்த விலை எத்தனையானாலும் அந்த உளியை வைத்துக்கொள்ளலாம்.